நீளத்தடிக்காரரின் தலை

முதல் அடி விழுந்தபோது நான் கோட்டுக்கு வெளியே குனிந்து தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். அடியைப் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது, லொறியின் பின்கதவை யாரோ ஓங்கிச் சாத்தியதுபோல. நிமிர்ந்தபோது எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் மல்லாந்து கிடந்தார். அவருடைய தடி எங்கேயோ போய் விழுந்திருந்தது. அவரை விழுத்தியவர் அவருக்கு மேலாகத் தாண்டிப் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார். நடுவர் விசில் ஊதவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற கோச் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார்.

"பொறுங்கோ. அது சரியான அடி. விதிக்குள்ள விழுந்த அடி. அவன் எழும்புவான்."

எழும்பினார். வாய்க்காப்பைக் கழற்றிப் பார்த்தார். அதில் இரத்தம் இருந்தது. ஜெர்சியில் துடைத்துவிட்டுத் திரும்பப் பற்களில் மாட்டிக்கொண்டு ஓடினார்.

அந்த அணியினர் என்னோடு பேசியது ஆங்கிலம். ஆனால் எனக்கு அது என் வீட்டுத் தமிழாகத்தான் ஞாபகத்தில் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். மெல்பர்னின் மேற்கே ட்ருகனினாவில் குடியிருக்கிறோம். வேலையும் பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் வெயர்ஹவுஸ்களில் பெட்டி தூக்கி முதுகு போனவர்கள். விளையாட்டுக்காரர்களைப் பார்த்துப் பல வருடங்களாகியிருந்தன. பக்கத்து வீட்டுத் தமிழ்நாட்டுத் தம்பி, ஐ.டி. வேலை செய்கிறவர், அந்தக் குளிர்காலத்தில் மெல்பர்னில் நடந்த ஒரு சர்வதேச லக்ரோஸ் போட்டிக்குத் தொண்டராகப் பெயர் கொடுத்திருந்தார். ஒரு நாள் குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த என்னை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"அக்கா, ஆப்பிரிக்கால இருந்து ஒரு டீம் வர்றாங்க. நேஷனல் டீம். அவங்களுக்கு பிசியோ இல்லையாம். எட்டு நாள்தான். நீங்க வர்றீங்களா?"

"எனக்கு அந்த விளையாட்டே தெரியாது, தம்பி."

"எனக்கும்தான் தெரியாது. நான் வேன் ஓட்டுறேன், நீங்க கட்டுப் போடுங்க."

எனக்குச் சேர்ந்துபோன விடுமுறை இருந்தது. சரி என்றேன்.

லக்ரோஸ் என்றால் என்னவென்று முதல் நாள் காலையில்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தடி, தடியின் நுனியில் ஒரு சிறிய வலை. கெட்டி ரப்பர் பந்தை அந்த வலையில் ஏந்தி ஓடி, வீசி, கோலுக்குள் அடிக்க வேண்டும். பந்து வைத்திருப்பவரைத் தோளால் மோதி விழுத்தலாம். அவருடைய தடியிலும் கையுறையிலும் உங்கள் தடியால் அடிக்கலாம். கழுத்துக்கு மேலே கூடாது, முதுகில் கூடாது, இடுப்புக்குக் கீழே கூடாது. மற்றபடி அடிக்கலாம். பாதுகாப்பு ஆட்டக்காரர் சிலருக்கு மட்டும் ஆளுயரத் தடி அனுமதி. அலுமினியத் தடி கையெலும்பில் படும்போது ஒரு சத்தம் வரும். முதல் நாள் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்தேன். மூன்றாம் நாள் கவனிக்கவில்லை.

அணி கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நாட்டின் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஆட்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பள்ளிக்கூட ஆசிரியர், எலெக்ட்ரீஷியன், பல்கலைக்கழக மாணவர்கள், மோட்டார் சைக்கிளில் சவாரி ஏற்றுகிறவர். ஹெல்மெட்டுகள் எல்லாம் யாரோ பாவித்து அன்பளிப்பாகக் கொடுத்தவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். மேலே ஒரே நிறத்து ஸ்டிக்கர் ஒட்டி ஒன்றாக்கியிருந்தார்கள். மெல்பர்ன் காற்று அவர்களுடைய விரல்களை விறைக்க வைத்தது. அந்தக் குளிரில் அடி இரண்டு மடங்கு வலிக்கும்.

முதல் ஆட்டத்தில் எண்ணிக்கை விட்டுப்போகிற அளவுக்கு கோல் வாங்கினோம். முடிந்ததும் உடைமாற்றும் அறையில் ஒவ்வொருவராக மேசையில் ஏறிப் படுத்தார்கள். இடது முன்கை முழுக்கத் தடித்த வரிகள். விலாவில் ஒரு முழங்கை அளவு நீலம். ஒருவருடைய பெருவிரல் நகம் கையுறைக்குள்ளேயே கழன்று கிடந்தது. கோல் காப்பவர்தான் அணிக்குக் கப்டன், ஊரில் பள்ளிக்கூட ஆசிரியர். அவர் காற்சட்டையை உயர்த்தியபோது நான் ஒரு அடி பின்னால் போனேன். தொடைகளில் பந்துபட்ட இடங்கள் வட்டம் வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நடுவில் கறுத்து ஓரத்தில் சிவந்திருந்தன. எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

"தொடைக்குக் காப்பு ஒன்றும் போடுறேல்லையா?"

"போட்டா ஓடேலாது, டொக்டர்."

நான் டொக்டர் இல்லை என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த வசனத்திலும் டொக்டர் என்றார். எட்டு நாளும் எல்லோருக்கும் நான் டொக்டர்தான்.

நீளத்தடிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர். முப்பதை நெருங்கும் வயது, ஒடுங்கிய உடம்பு, நீண்ட கைகள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் பேசுவார். மேசையில் படுத்தெழும்பினால் துவாயை நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் போவார். மைதானத்தில் ஆள் வேறு. அந்த ஆளுயரத் தடியைச் சுழற்றி எதிரியின் கையுறையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிப்பார். மூன்றாவது அடிக்குக் கை திறந்துவிடும், பந்து விழும். இரண்டாவது ஆட்டத்தில் உயர்ந்த வெள்ளைக்காரர் ஒருவர் பந்தோடு நேராக இறங்கி வந்தார். நீளத்தடிக்காரர் இரண்டு எட்டு எடுத்து வைத்துத் தோளைக் கொடுத்தார். வந்தவர் காற்றில் படுத்து, தரையில் விழுந்து, மூச்சு எடுக்க முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். எங்கள் பெஞ்ச் எழுந்து கத்தியது. நானும் கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலை வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோதும் அந்த ஆள் விழுந்தது கண்ணில் வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில் தெருவில் அடிவாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். துவக்குப் பிடியால் அடிப்பார்கள். அடிவாங்குகிறவர் திருப்பி அடிக்க மாட்டார். சுற்றி நிற்கிற நாங்கள் நிலத்தைப் பார்ப்போம். இங்கே அடிக்கு விதி இருந்தது, விசில் இருந்தது, திருப்பி அடிக்கலாம் என்றிருந்தது. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்கு வேன் என்று மட்டும் தம்பியிடம் கேட்டேன்.

மூன்றாவது ஆட்டம் ஐந்தாம் நாள். அதில் வெல்லக்கூடிய சாத்தியம் இருந்தது. எதிரணியும் எங்களைப் போலத் தோற்று வந்த அணி. வெள்ளை ஜெர்சி. அவர்களில் பதினேழாம் நம்பர் இளம் ஆள், கட்டையான தடித்த கழுத்து, விசில் ஊதிய பிறகும் ஒரு இடி இடித்துவிட்டுத்தான் நிற்பார். முதல் பாதியில் இரண்டு தரம் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். திரும்பி வந்து மூன்றாவது தரமும் இடித்தார். எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. இரண்டு பக்கமும் தடிகள் கையுறையைத் தவறி முழங்கையில், விலாவில், கழுத்தோரத்தில் விழத் தொடங்கின. ஒருவருக்கு உதடு கிழிந்தது. ஒருவர் மண்டியிட்டு இரத்தம் துப்பினார். மழைத் தூறல். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுக்கவேயில்லை.

கடைசிப் பகுதி தொடங்கும்போது கோல் கணக்குச் சமம். தொடங்கிச் சில நிமிடத்தில் தரையில் கிடந்த பந்துக்காக நாலைந்து பேர் முட்டிக்கொண்டார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து நீளத்தடிக்காரர் எழும்பி, எங்கள் கோலை நோக்கி நடக்காமல் எதிர்க் கோலை நோக்கி நடந்தார். பத்து எட்டு நடந்து நின்றார். கோச் கூப்பிட்டார். திரும்பவில்லை. நான் போய்த் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

தலையில் அடிபட்டவரிடம் கேட்க ஒரு அட்டை வைத்திருப்போம். இது எந்த மைதானம், இப்போது எத்தனையாவது பகுதி, கடைசியாக யார் கோல் போட்டது, போன ஆட்டம் யாரோடு. அதற்குப் பிறகு நடக்க வைத்து, ஒற்றைக்காலில் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. அந்த மைதானத்தில் முடிவு என்னுடையது. டொக்டர் இருந்தது அடுத்த மைதானத்தில்.

முதல் கேள்வியைக் கேட்டேன். ஆங்கிலத்தில் பதில் வரவில்லை. காயத்துக்காக நடுவர் ஆட்டத்தை நிறுத்தியிருந்ததால் கப்டன் கோலை விட்டு ஓடிவந்திருந்தார்.

"நான் சொல்லித் தாறன், டொக்டர். அவனுக்கு இங்கிலீஷ் டக்கெண்டு வராது."

நான் கேட்டேன். கப்டன் தங்கள் மொழியில் கேட்டார். நீளத்தடிக்காரர் இரண்டு சொல் சொன்னார். கப்டன் என்னிடம் திரும்பி, மைதானத்தின் பெயரையும் பக்கத்து ஸ்டேஷனின் பெயரையும் சேர்த்து ஒரு முழு வசனம் சொன்னார். மற்ற மூன்று கேள்விகளுக்கும் அதே இரண்டு சொல். கப்டன் வாயில் சரியான பதில்.

எனக்குக் காது கேட்கும். இரண்டு சொல்லில் அவ்வளவு அடங்காது என்று எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று நான் பிறகு யாருக்கும் சொல்லவில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை. கோச் பின்னால் நின்று, "டொக்டர், பத்து நிமிசம்தான் கிடக்கு," என்றார். கோல் சமம். அந்த அணி வெளிநாட்டில் ஒரு ஆட்டமும் வென்றதில்லை. பதினேழாம் நம்பர் எதிரே நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நீளத்தடிக்காரர் உள்ளே போய் அவரை அடிக்க வேண்டும் என்று எனக்கிருந்தது. ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லவில்லை. ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்தேன்.

மூன்று நிமிடம் ஆடினார். பந்து தரையில் உருண்டு வந்தது. அவர் குனிந்தார். பதினேழாம் நம்பர் பக்கவாட்டிலிருந்து ஓடிவந்தார். தூரத்திலிருந்து, வேகத்தைக் குறைக்காமல். தோள் ஹெல்மெட்டின் பக்கத்தில் பட்டது. ஹெல்மெட் கழன்று பறந்தது. நீளத்தடிக்காரர் விழும்போது கையை ஊன்றவில்லை. இரண்டு கைகளும் விறைத்து முன்னுக்கு நீட்டியபடி, ஒரு பலகை சரிவதுபோலச் சரிந்தார். நான் ஓடி முடிப்பதற்குள் உடம்பு உதறத் தொடங்கிவிட்டது.

சேற்றில் முழந்தாளிட்டு அவருடைய தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வாயோரம் இரத்த நுரை. நாக்கைக் கடித்திருந்தார். பக்கவாட்டில் திருப்பினேன். அப்போது கப்டன் கோலிலிருந்து ஓடிவந்து, என்னைத் தாண்டி, பதினேழாம் நம்பருடைய முகக்கம்பியைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்தார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் கழுத்தில் குத்தினார். இரண்டு பெஞ்சும் உள்ளே வந்தன. என்னைச் சுற்றிக் கால்கள், தடிகள், மூச்சு, வசவு. யாரோ என் முதுகின்மேல் விழுந்து எழும்பினார். ஒரு தடி என் வலக்கையில் இறங்கியது. சின்னவிரல் உடைந்த சத்தத்தை நானே கேட்டேன். கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவருடைய தலை அசையும். "ஆம்புலன்ஸ்" என்று கத்திக்கொண்டேயிருந்தேன். வேன் ஓட்டும் தம்பிதான் ஃபோன் செய்துவிட்டு ஓடிவந்து, எங்கள் இருவருக்கும் மேலாகக் கையை விரித்துக்கொண்டு குனிந்து நின்றார். அவருடைய முதுகிலும் இரண்டு அடி விழுந்தது.

"நான் இருக்கேன் அக்கா, நீங்க அவரைப் பாருங்க," என்றார்.

ஆட்டம் அத்தோடு நிறுத்தப்பட்டது. இரண்டு அணியும் தோற்றதாக எழுதினார்கள். கப்டனுக்கும் பதினேழாம் நம்பருக்கும் தடை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் மெல்லிய இரத்தக்கசிவு. வெட்டத் தேவையில்லை, பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார்கள். என் விரலுக்கும் பட்டை வைத்துக் கட்டினார்கள். அடுத்த நாள் மதியம் நடைவழியில் கப்டன் என்னிடம் வந்து நின்றார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"டொக்டர், ஒரு விசயம் சொல்லோணும். நேற்று நீங்க கேட்டதுக்கு அவன் அந்தப் பதில் சொல்லேல்லை."

"என்ன சொன்னவர்?"

"'பைக் எங்கே' எண்டு கேட்டான். நாலு தரமும் அதைத்தான் கேட்டான்."

என் கை தானாக ஓங்கியது. இடக்கையால் அவருடைய கன்னத்தில் அறைந்தேன், வீங்கிய பக்கம். என் வாழ்க்கையில் நான் ஒருவரையும் அதுவரை அறைந்ததில்லை, என் மகளைக்கூட. அவர் அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, வலியாலா வேறெதனாலா தெரியாது. ஒரு நர்ஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"எனக்கும் தெரியும்," என்றேன். "நீர் சொல்லேக்கையே எனக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரோரம் கதிரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கடைசி ஆட்டம் எட்டாம் நாள். கப்டனும் இல்லை, நீளத்தடிக்காரரும் இல்லை. வேறு ஒரு அணி. எங்கள் ஆட்கள் அன்றைக்கு ஆடியதை விளையாட்டு என்று சொல்ல முடியாது. யாரையாவது அடிக்க வேண்டும் என்று இறங்கியிருந்தார்கள். முதல் பகுதியிலேயே எங்கள் எலெக்ட்ரீஷியன் எதிரணி ஆள் ஒருவருடைய முன்கையில் தடியை இறக்கினார். எலும்பு வளைந்து நின்றது தூரத்திலிருந்தே தெரிந்தது. அவர்களுடைய பிசியோவுக்கு நானும் ஓடிப்போய்ப் பட்டை கட்ட உதவினேன். அந்த ஆட்டக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பார்த்து, "உங்களுக்கும் உடைஞ்சிருக்கே," என்றார்.

அன்று தலையில் சிறிதாக முட்டிக்கொண்டு வந்த இரண்டு பேரையும் நான் உள்ளே விடவில்லை. ஹெல்மெட்டுகளைப் பறித்து என் கதிரைக்குக் கீழே வைத்துக் கால்களால் மறித்துக்கொண்டேன். கோச் குனிந்து ஒன்றை இழுத்தார். நான் காலால் அவருடைய கையை உதைத்தேன்.

"மாற்றிவிட ஆள் இல்லை, டொக்டர். எங்களைத் தோற்கடிக்கிறீங்க."

"ஓம்," என்றேன். தமிழில்தான் வாயில் வந்தது.

தோற்றோம். கோச் என்னிடம் விடைபெறாமலே விமானம் ஏறினார்.

நீளத்தடிக்காரரால் ஏற முடியாது. குறைந்தது மூன்று கிழமைக்கு விமானம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வார்டிலும் வைத்திருக்க மாட்டார்கள். தங்க ஒரு இடம் வேண்டும். நான் அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மகளுடைய படிப்பறையில் கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் தடித்த துணி கட்டினோம். கணவருக்கு நான் முழுவதையும் சொல்லவில்லை. உதவி என்று மட்டும் சொன்னேன். அவரும் நல்ல மனதோடுதான் சம்மதித்தார். முதல் கிழமை நீளத்தடிக்காரர் இருட்டில் படுத்திருந்தார். சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் படுப்பார். மகள் ஒரு நாள் என்னிடம், "ஹீ இஸ் ஸோ க்வயட், அம்மா," என்றாள்.

இரண்டாம் கிழமை ஒரு சனிக்கிழமை காலை. கணவர் குசினியில் சம்பலுக்கு மிக்சி போட்டார். மகள் ஃபோனில் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீளத்தடிக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னார். மிக்சிச் சத்தத்தில் கணவருக்குக் கேட்கவில்லை. திரும்பிச் சிரித்துவிட்டு மறுபடியும் அழுத்தினார். அடுத்த நொடி சாப்பாட்டு மேசைக் கதிரை தலைக்கு மேலே போனது. பின்வாசல் கண்ணாடிக் கதவு முழுவதும் உடைந்து கொட்டியது. இன்னொரு கதிரையைத் தூக்கி மேசையில் அடித்தார். கால் உடைந்து தெறித்தது. கணவர் நடுவில் போனார். நீளத்தடிக்காரர் அவரைச் சுவரோடு தள்ளி, முன்கையால் கழுத்தை அழுத்தினார். மகள் அலறினாள். நான் போய் அவருடைய முகத்துக்கு முன்னால் நின்றேன். தொடவில்லை. மிக்சியின் வயரைப் பிடுங்கினேன்.

சத்தம் நின்றதும் அவருடைய கையும் இறங்கியது. யாரோ செய்த வேலையைப் பார்ப்பதுபோல வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு முழந்தாளிட்டு வெறுங்கையால் கண்ணாடியைப் பொறுக்கத் தொடங்கினார். உள்ளங்கை இரண்டும் கிழிந்து இரத்தம் சொட்டியது. நான் சொல்லச் சொல்ல நிறுத்தவில்லை. கணவர்தான், தன் கழுத்தைத் தடவிக்கொண்டே, தும்புத்தடியைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் கூட்டினார்.

கைகளுக்குக் கட்டுப் போட்டு அவரை அறைக்குள் விட்டபின் கணவர் என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டார்.

"இந்தாளை இனி இஞ்ச வைச்சிருக்கேலாது. பிள்ளை இருக்கிற வீடு. நாளைக்கு அவள்ர கழுத்தைப் பிடிச்சா?"

"அது அவர் இல்லை. தலையில பட்ட அடி. அந்த அடி பட்டால் இப்பிடி வரும்."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? உமக்கு எதுக்கு இந்த வேலை? நீரா அடிச்சனீர்?"

"நான்தான் அவரை உள்ளுக்கு விட்டனான்," என்றேன். "முதல் அடியோட நிப்பாட்டியிருக்க வேணும். பதில் பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு விட்டனான். வெல்லோணும் எண்டு விட்டனான்."

கணவர் நெடுநேரம் என்னைப் பார்த்தார். கலியாணம் கட்டிப் பதினெட்டு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு பெரிய கார்ட்போர்ட் பெட்டியை வெட்டிக்கொண்டுபோய்க் கதவில் ஒட்டினார். பிறகு மிக்சியைத் தூக்கிவந்து கராஜில் வைத்தார். மகளை மட்டும் அன்றைக்கே சிட்னியில், டூங்கபியில் இருக்கிற அவருடைய தங்கச்சி வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. பள்ளி விடுமுறைதான். சிட்னி விமானத்துக்கு அவரே கொண்டுபோய் ஏற்றிவிட்டார். மகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த நாள் நீளத்தடிக்காரரிடமும் சொன்னேன். குறுகிய வசனங்களாக, கேட்கக் கேட்கச் சொன்னேன். கேள்விகளை, கப்டன் சொன்ன பதில்களை, நான் ஹெல்மெட்டைக் கொடுத்ததை. அவர் கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கு நீங்க கேட்டது ஞாபகமே இல்லை, டொக்டர்."

"வேற என்ன ஞாபகம்?"

"பதினேழாம் நம்பர் வாறது தெரிஞ்சது. விலக வேணும் எண்டும் தெரிஞ்சது. என்ர கால் எங்க இருக்கெண்டு தெரியேல்லை."

கட்டுப்போட்ட கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க விடாட்டி நான் உங்களை அடிச்சிருப்பன்," என்றார். மன்னிப்பாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

மீதி நாட்களில் இன்னும் இரண்டு தரம் அவருக்கு அந்த ஆவேசம் வந்தது. ஒரு தரம் கதவை, ஒரு தரம் தன் தொடையையே குத்தினார். கணவர் வேலைக்கு லீவு போட்டு வீட்டில் இருந்தார். சத்தம் இல்லாமல் கதவு மூட, டீவியின் ஒலியைக் குறைக்க, வாசல் மணியைக் கழற்றிவைக்கப் பழகிக்கொண்டார். பின்னேரங்களில் இருவரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கள் குடியிருப்பின் குளத்தைச் சுற்றி நடப்பார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எயார்போர்ட்டில் அவருடைய பையைக் கணவர்தான் தூக்கிக்கொண்டுபோனார்.

போட்டியை நடத்தியவர்களுக்கும் எங்கள் தொழிலுக்குப் பதிவு கொடுக்கும் இடத்துக்கும் நான் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். தம்பி அதை வாசித்துவிட்டு, "இந்த வரியை எடுத்திடுங்க அக்கா, யாருக்கும் தெரியாதே," என்றார், பொய் என்று தெரிந்தே விட்டேன் என்ற வரியைக் காட்டி. எடுக்கவில்லை. விசாரித்தார்கள். ஒரு அறையில் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஒரு வருடம் மற்றவர் மேற்பார்வையில் வேலை செய்தேன். மைதானத்துக்கு நான் பிறகு போகவில்லை. மகள் சிட்னியிலிருந்து திரும்பி வந்தாள். அந்தப் படிப்பறையில் உட்கார்ந்து படிக்க அவளுக்கு மாதங்கள் பிடித்தன.

நீளத்தடிக்காரர் ஆறு மாதம் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தோம். இரண்டாம் மாதமே ஓட்டத் தொடங்கிவிட்டார். கப்டன் ஃபோனில் சொன்னார். லக்ரோஸ் ஆடவில்லை. இடது காதில் இரைச்சல் நிற்கவேயில்லை. இப்போது அங்கே உள்ளூர் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறார். தலையில் பட்டவர்களை உடனே வெளியே அனுப்பிவிடுகிறார் என்று அவர்மேல் எல்லோருக்கும் எரிச்சலாம்.

போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். நெற்றியில் மூன்று தையல், புருவம் வீங்கியிருந்தது. யாரோ ஒரு ஆட்டக்காரரை வெளியே அனுப்பியதற்குப் பார்வையாளர் பக்கமிருந்து கல் வந்திருக்கிறது. தையல் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். கிளினிக்கில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் வெளியே வந்து அவரைக் கூப்பிட்டேன். வாந்தி வந்ததா, வெளிச்சம் கூசுகிறதா, யார் கூட இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எறிந்தவரைப் பிடித்தார்களா என்றேன். பிடித்தார்கள், ஆட்கள் அவனை அடித்த அடியில் தானே போய் விலக்கிவிட வேண்டியதாயிற்று என்றார். பிறகு யாரோ பின்னால் பேசுவது கேட்டது. சவாரி வந்திருக்கிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.